இடாப்பும் தரவுத்தளமும்: திருக்கோணமலைக் கடற்கோளை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

திருக்கோணமலை மாவட்டத்தில் ஏடுகள் அழிந்த வரலாறு, ஏடுகள் எழுதப்பட்ட வரலாற்றினும் நீளத்திற் குறைந்ததன்று. சுவாமிமலையில் நின்ற கோணேசர் பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எடுப்பித்தனர். அக்கோயிலைப் பற்றிய சான்றுகளுட் சில இன்றுங் காணக்கிடப்பது தற்செயலின் பயனாகும். கோட்டை வாயிலிற் கட்டடக் கல்லாகப் பதிக்கப்பட்டமையால் ஒரு கல்வெட்டுத் தப்பியது. நிலாவெளியிற் கிடைத்த சாசனமொன்று, கோயிலுக்கு இருநூற்றைம்பது வேலி நிலம் விடப்பட்ட செய்தியைத் தாங்கி நிற்கின்றது. இவற்றைப் பேணுதற்கென ஒருவர் ஒழுங்கு வகுத்து, அவ்வொழுங்கினால் இவை பேணப்பட்டன என்று கூறுவதற்கில்லை.

ஏட்டை இழந்த குடி தன் உரிமையை நாட்டுதற்கும் வழியிழக்கும். இன்ன நிலம் இன்னாருக்குரியது, இன்ன பிள்ளை இன்னாருடைய மகவு என்பன எழுத்திருக்கும்வரை சான்றாகும். எழுத்துப் போனபின் வெறும் வாய்ச்சொல்லாகும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த கடற்கோளின்பின் இம்மாவட்டத்து மக்கள் இதனைப் பட்டறிந்தனர். அவ்வேளையிலேயே இலங்கையிற் சிலர், மக்களின் பெயர்ப்பட்டியல்களைப் பேணுதற்குப் புதியதொரு கருவியைக் கையாண்டனர். திறந்த மூலத் தொடர்புசார் தரவுத்தளம் என்பது அதன் பெயர். பெயர் நீண்டதாயினும் அதன் உள்ளீடான கருத்துப் பழைய கணக்கப்பிள்ளைக்கு முற்றிலும் புதியதன்று. அதனைத் தெளிதற்கு இந்நாட்டுப் பதிவேட்டு மரபை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

கவிராசவரோதயர் பெயரால் வழங்கும் கோணேசர் கல்வெட்டு, பெயரளவிற் கல்வெட்டேயன்றி ஏட்டுவழி வந்த நூலாகும். குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலுக்குத் தானத்தார், வரிப்பத்தார் முதலிய தொழும்பாளரை நியமித்து, அவரவர்க்குரிய கடமைகளையும் உரிமைகளையும் வகுத்த செய்தியை அது கூறும். அதன் காலத்தைப் பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. காலம் எதுவாயினும், நூலின் நோக்கம் தெளிவானது. திருக்கோணமலைப்பற்று, கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று எனப் பிரிந்து கிடந்த நாட்டில் குடியையும் தொழும்பையும் மானியத்தையும் ஒன்றோடொன்று பிணைப்பதே அது. ஓலையிற் பிரதிசெய்து பிரதிசெய்து வந்தமையால் அந்நூல் பிழைத்தது. கற்கோயில் வீழ, ஓலை நின்றது என்பது சிந்திக்கத்தக்கது. கல் ஓரிடத்தில் ஒன்றாய் நிற்கும். ஓலையோ பல வீடுகளிற் பலவாய் இருக்கும்.

போர்த்துக்கேயர் வழியாக வந்த ‘தோம்பு’ என்னுஞ் சொல் ஒல்லாந்தர் காலத்தில் ஈழத்தமிழில் வேரூன்றிற்று. இலிசுபன் நகரத்து அரச ஆவணக் காப்பகம் இன்றுந் தோம்புக் கோபுரம் என்ற பெயரையே தாங்கியுள்ளது. ஒல்லாந்தர் தலைத்தோம்பு, காணித்தோம்பு என இருவகை ஏடுகள் எழுதுவித்தனர். தலைத்தோம்பிற் குடும்பத் தலைவன், மனைவி, மக்கள், அவர்தம் ஊழியக் கடமை என்பன இடம்பெற்றன. காணித்தோம்பில் நிலத்துண்டும், அதன் அளவும், அதில் நின்ற தெங்கு பலா முதலிய மரங்களும், உரிமையின் வகையும் எழுதப்பட்டன. குடும்பத்தைப் பற்றிய செய்தி ஓர் ஏட்டில், நிலத்தைப் பற்றிய செய்தி மற்றோர் ஏட்டில். ஒன்றிலுள்ள பதிவு மற்றதிலுள்ள பதிவைச் சுட்டி நிற்கும். இவ்வமைப்பின் நுட்பம் யாதெனின், ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே எழுதப்படுதலாம். குடும்பத் தலைவன் இறந்தால் அவனுடைய காணிகள் அனைத்தின் பக்கங்களிலும் அவன் குடும்ப விவரத்தை அழித்தெழுத வேண்டியதில்லை.

திருக்கோணமலையில் ஒல்லாந்தத் தளபதி வன் சென்டன் 1786ஆம் ஆண்டில் ஊரூராகச் சென்று எழுதிவைத்த நாட்குறிப்பு வரலாற்றாசிரியனுக்குக் கிடைத்த அரும்பொருள். ஆயின், ஒரு குடும்பம் தன் காணியைத் தேடிக் காண்பதற்கு நாட்குறிப்பு உதவாது. தேடுதற்கு உரியது இடாப்பு. படித்தற்கு உரியது நாட்குறிப்பு. இவ்விரண்டின் வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் நன்று.

ஆங்கிலேயர் ஆட்சியிற் கச்சேரிகளும், பிறப்பு இறப்பு விவாகப் பதிவுகளும், உறுதிகளைப் பதியும் காணிப் பதிவகங்களும் எழுந்தன. முழு நாட்டுக்குமான முதலாவது குடிசன மதிப்பீடு 1871ஆம் ஆண்டில் நடைபெற்றது. இவற்றை விரித்தல் ஈண்டு வேண்டற்பாலதன்று. ஆயினும், சுதந்திரத்தின்பின் வந்த ஒரு மாற்றம் குறிப்பிடத்தக்கது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்வழி, 1972ஆம் ஆண்டு முதலாகத் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அவ்வட்டையின் எண் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் உடையது. முதலிரண்டு இலக்கம் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதையுங் குறிக்கும். பெண்ணாயின் அந்நாளெண்ணோடு 500 கூட்டப்படும். 2016ஆம் ஆண்டு முதல் இவ்வெண் பன்னிரண்டு இலக்கமாயிற்று. ஒரே பெயருடைய பலரை வேறுபடுத்துதற்கு இதனிற் சிறந்த வழி அதற்கு முன்பு இந்நாட்டில் இருக்கவில்லை எனலாம். ஆயின் 2004ஆம் ஆண்டிற் பதினாறு அகவை நிரம்பாதார்க்கு அவ்வட்டை இல்லை. இக்குறையின் கொடுமை பின்னர்ப் புலனாகும்.

அடையாள அட்டை இந்நாட்டிற் பரவத்தொடங்கிய காலத்தையொட்டியே, பதிவேடுகளைப் பற்றிய கொள்கை ஒன்று அமெரிக்காவில் உருவாயிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்கார் கொட், 1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்குமுன் கணினியில் வைத்த பதிவுகள் மரக்கிளைபோல் ஒன்றின்கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. எந்தக் கிளையில் எது உள்ளது என்பதை அறிந்தவரே தேடிக் காண முடிந்தது. கொட், செய்திகள் யாவற்றையும் எளிய அட்டவணைகளாக வகுக்கலாம் என்றார். ஒவ்வோர் அட்டவணையும் நிரைகளும் நிரல்களும் உடையது. ஒவ்வொரு நிரையையும் தனித்தறிதற்கு ஒரு சாவி உண்டு. ஓர் அட்டவணையின் சாவி மற்றோர் அட்டவணையில் இடம்பெறுமாயின் இரண்டும் தொடர்புறும். தலைத்தோம்பும் காணித்தோம்பும் ஒன்றையொன்று சுட்டியதை அறிந்தார்க்கு இது விளங்குதல் அரிதன்று. கொட் புதிதாகத் தந்தது, அச்சுட்டுக்களைக் கொண்டு எந்த வினாவுக்கும் விடையைக் கணித முறையாற் பெறலாம் என்ற உறுதிப்பாடாகும். வினாவுவோன் ஏடு அடுக்கப்பட்ட முறையை அறியவேண்டியதில்லை. வேண்டியது யாது என்று கூறினாற் போதும். அவ்வாறு கூறுதற்கு அமைந்த மொழியே எஸ்.கியூ.எல். எனப்படுவது.

இக்கொள்கை நெடுங்காலம் விலைகொடுத்து வாங்குவோர்க்கே கருவியாகப் பயன்பட்டது. அதற்கு மாறான நெறி பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் எழுந்தது. அங்கு 1970களில் இங்கிரெஸ் என்ற ஆய்வுத்திட்டமும், 1986ஆம் ஆண்டில் அதன் வழித்தோன்றலாகிய போஸ்ட்கிரெஸும் தொடங்கின. பின்னது 1996ஆம் ஆண்டில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயர் பெற்று இன்றும் வளர்கின்றது. சுவீடனில் மைக்கேல் விடேனியஸும் அவர் தோழரும் 1995ஆம் ஆண்டில் மைஎஸ்கியூஎல் என்னுந் தரவுத்தளத்தை வெளியிட்டனர். பெயரின் முற்பகுதியாகிய ‘மை’ விடேனியஸின் மகளின் பெயராம். 2000ஆம் ஆண்டில் அது பொது மக்கள் உரிமத்தின்கீழ் வந்தது. மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதிசெய்யலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பது அவ்வுரிமத்தின் சாரம். மைஎஸ்கியூஎல்லை 2008ஆம் ஆண்டிற் சன் நிறுவனம் வாங்கியது. 2010ஆம் ஆண்டிற் சன் நிறுவனம் ஒரக்கிள் நிறுவனத்தின் உடைமையாயிற்று. உடையவர் மாறுவதை அஞ்சிய விடேனியஸ், 2009ஆம் ஆண்டிலேயே மூலநிரலைப் பிரதிசெய்து மரியாடிபி என்ற தனிக் கிளையைத் தொடக்கினார். இம்முறை பெயர் இளைய மகளுடையது. கோணேசர் கல்வெட்டு ஓலைப் பிரதிகளாற் பிழைத்தவாறே, இம்மென்பொருளும் பிரதிசெய்யும் உரிமையால் உடையவர் மாற்றத்தைக் கடந்து நின்றது.

இனிக் கடற்கோளை நோக்குவோமாயின், அந்நாள் ஞாயிற்றுக்கிழமை; பௌர்ணமி விடுமுறையுமாம். சுமாத்திராவுக்கு அண்மையிற் கடலடி நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரத்திற்குள் அலை கீழ்க்கரையை அடைந்தது. குச்சவெளி, நிலாவெளி, பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று எனக் கரையோரப் பகுதிகள் யாவும் பாதிப்புற்றன. கிண்ணியா மருத்துவமனை அழிந்தது. இம்மாவட்டத்தில் மாத்திரம் இறந்தோர் தொகை ஆயிரத்தை எட்டியது. நாடு முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். பாடசாலைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் முகாம்களாயின.

முகாமில் முதற்கண் வேண்டப்பட்டது பட்டியல். கிராம உத்தியோகத்தர் தம் கைக்கொப்பியிற் பெயரெழுதினார், தொண்டு நிறுவனங்கள் தத்தம் படிவங்களில் எழுதின, படையினரும் எழுதினர், உறவினரைத் தேடி வந்தோர் சுவர்களில் எழுதி ஒட்டினர். அரசாங்கம் அறிவித்த உதவிகளோ பட்டியலையே பற்றி நின்றன. ஆளொருவருக்கு வாரமொன்றுக்கு 375 ரூபா பெறுமதியான நிவாரணம், அதில் ஒரு பகுதி காசாகவும் மறுபகுதி உலருணவாகவும். குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா. முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதியளவிற் சேதமுற்ற வீட்டுக்கு 100,000 ரூபா. இந்நிலையில் ஒரு பெயர் இருமுறை எழுதப்பட்டால் இருமடங்கு நிவாரணம். ஒருமுறையும் எழுதப்படாவிட்டாற் பசி. வடக்குக் கிழக்கிற் கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற விதியும் வந்தபின், ஒரு குடும்பத்தின் வீடு நின்ற இடம் எது என்பதும் பட்டியலில் இடம்பெற வேண்டிய செய்தியாயிற்று. உறுதியோ அலையோடு போய்விட்டது.

கொழும்பில் சனாதிபதி செயலகத்தில் தேசிய செயற்பாட்டு நிலையம் நிறுவப்பட்டது. கடற்கோள் நிகழ்ந்த சில நாட்களிலேயே இலங்கை மென்பொருட் பொறியியலாளர் பலர், லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் என்னும் நிறுவனத்தின் அரவணைப்பில் ஊதியமின்றிக் கூடி, ‘சஹன’ என்ற ஒழுங்கமைப்பை ஆக்கி, 2005 ஜனவரியில் அந்நிலையத்திற் பயன்பாட்டுக்கு விட்டனர். சஹன என்பது நிவாரணத்தைக் குறிக்குஞ் சிங்களச் சொல். லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி வழங்கி, பி.எச்.பி. மொழி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஆகிய நான்கின்மேல் அது கட்டப்பட்டது. நான்கும் திறந்த மூலமானவை. உரிமம் வேண்டி எவருக்கும் விண்ணப்பிக்கவோ, பணஞ்செலுத்தவோ, அனுமதிக்குக் காத்திருக்கவோ வேண்டியிராமையாலேயே சில வாரங்களில் இது கைகூடிற்று. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என அதன் பகுதிகள் அமைந்தன.

இவ்வகைப் பதிவின் உள்ளமைப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முகாம் என ஓர் அட்டவணை. குடும்பம் என மற்றொன்று. ஆள் என மூன்றாவது. ஆளின் நிரையிற் குடும்பத்தின் சாவி இருக்கும். குடும்பத்தின் நிரையில் முகாமின் சாவி இருக்கும். 2005 ஜனவரியிற் பாடசாலைகள் மீளத் திறக்கப்பட, வகுப்பறைகளில் தங்கியிருந்தோர் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். கைக்கொப்பியாயின் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் இடத்தை வெட்டித் திருத்தல் வேண்டும். இருநூறு குடும்பமாயின் இருநூறு வெட்டு, அவற்றுட் சில தவறும். அட்டவணையாயின் முகாமின் நிரையில் இடப்பெயரை ஒருமுறை மாற்றினால் அமையும். “ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகள் எந்த முகாமில் எத்தனை பேர்” என்று வினவினால், மூன்று அட்டவணைகளையும் சாவிவழிப் பிணைத்து நொடியில் விடை வரும். பால்மா அனுப்புவோருக்கு அவ்விடையே வேண்டுவது.

கருவியின் வலிமை இது. ஆயின் சாவி எங்கிருந்து வரும் என்பதில் இடர் தோன்றிற்று. அடையாள அட்டை எண்ணைச் சாவியாகக் கொள்ளலாமெனின், அட்டை அலையிற் போயிற்று. அட்டையின் எண்ணை மனனஞ் செய்தோர் சிலரே. போராலும் முன்னைய இடப்பெயர்வுகளாலும் பிறப்புச் சான்றிதழும் அற்றோர் இம்மாவட்டத்திற் பலர். பதினாறு அகவைக்குட்பட்டோருக்கு எண்ணே இல்லை. காணாமற்போனோருள் யாரைத் தேடுதல் மிக அவசியமோ, அக்குழந்தைகளே சாவியற்று நின்றனர். எஞ்சியது பெயர்.

பெயரோ இந்நாட்டில் மூன்று மொழிகளில் எழுதப்படுவது. ஆங்கில எழுத்தில் வரும்போது ஒரே பெயர் பல வடிவங் கொள்ளும். மூதூர் என்னும் ஊர்ப்பெயரே மூன்று நான்கு விதமாக எழுதப்படுகின்றது. முகம்மது என்ற பெயரின் வேறுபாடுகளை எண்ணி முடியாது. ஒலியொத்த பெயர்களை ஒன்றுசேர்த்துத் தேடுதற்கு மைஎஸ்கியூஎல்லிற் ‘சவுண்டெக்ஸ்’ எனும் வழியுண்டு. 1918ஆம் ஆண்டில் ரொபேட் ரசல் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற முறை அது. அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டு அட்டைகளை அடுக்குதற்குப் பின்னர் பயன்பட்டது. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்து, பின்வரும் மெய்யெழுத்துக்களை இனமினமாக எண்ணாக மாற்றுதல் அதன் நெறி. ஆங்கிலப் பெயருக்கு இது பொருந்தும். தமிழ்ப் பெயருக்கோ முதலெழுத்திலேயே இடறும். கணபதிப்பிள்ளை என்பாரை ஒருவர் ‘கே’ என்ற எழுத்தாலும் இன்னொருவர் ‘ஜி’ என்ற எழுத்தாலும் தொடங்குவர். பாலசிங்கம் ‘பி’ எழுத்து இரண்டனுள் எதனாலும் தொடங்கும். பின்வரும் எண்கள் ஒத்திருந்தும் முதலெழுத்து வேறாகையால், இவ்விருவரும் வேறு வேறு மனிதரென்றே கருவி கூறும். ழகரத்தை ஒருவர் லகர எழுத்தாலும் இன்னொருவர் இரண்டு எழுத்துக்களைக் கூட்டியும் எழுதினால் எண்களும் மாறும். வல்லெழுத்துக்கு ஒரே வரிவடிவம் வைத்த தமிழ், எழுதுவோனுக்குத் தரும் எளிமையை ஆங்கில எழுத்தில் இவ்வாறு இழக்கின்றது. தாய் ஒரு முகாமிலும் மகன் இன்னொரு முகாமிலுமிருக்க, இருவர் பெயரும் பட்டியலில் ஏறியிருந்தும் ஒருவர் மற்றவரைக் காணாதிருத்தற்கு இத்துணைச் சிறிய காரணம் போதும்.

இரண்டாவது இடர் அட்டவணைகளின் பிணைப்பைப் பற்றியது. இல்லாத முகாமின் சாவியை ஒரு குடும்பத்தின் நிரையில் எழுத இடங்கொடாதிருத்தலும், குடும்பங்கள் இன்னுஞ் சுட்டிக்கொண்டிருக்கும் முகாமின் நிரையை அழிக்க இடங்கொடாதிருத்தலும் தொடர்புசார் தரவுத்தளத்தின் கடமையாம். மைஎஸ்கியூஎல்லில் அக்காலத்து இயல்பான சேமிப்புப் பொறியாயிருந்த மைஐசாம், அத்தகைய விதியை எழுதினால் ஏற்றுக்கொண்டதேயன்றிச் செயற்படுத்தவில்லை. செயற்படுத்த வல்ல இன்னோடிபி என்ற பொறியை நிருவகிப்போன் தானாகத் தெரிந்தெடுத்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டில் வந்த 5.5ஆம் பதிப்பிலேயே அது இயல்பான பொறியாயிற்று. பெற்றோர் நிரை அழிந்தும் எஞ்சி நிற்கும் பிள்ளை நிரையைக் கணினி வல்லுநர் ‘அநாதை நிரை’ என்பர். வல்லுநர் சொற்களுட் சில இடத்தாற் கனமுறும். கடற்கோளுக்குப் பிந்திய கிண்ணியாவில் அச்சொல்லை எவரும் இலேசாகச் சொல்லியிரார்.

தரவுத்தளத்தை நிருவகிப்போனின் தொழில் பெரும்பாலும் இத்தகைய காவற்றொழிலே. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்று அவன் வரையறுக்கின்றான். ‘கிராண்ட்’ என்ற கட்டளை உரிமை வழங்கும். ‘ரிவோக்’ என்பது அதனை மீளப்பெறும். பெற்றோரை இழந்த குழந்தைகளின் பட்டியலை யாரும் படிக்கலாம் என விட்டாற் கடத்துவோர் கையிலும் அது சேரும் என்று அந்நாட்களில் அஞ்சப்பட்டது. கடற்கோளாற் பாதிப்புற்ற பிள்ளைகளைத் தத்தெடுத்தலையும் அரசாங்கம் தடுத்திருந்தது. மூலநிரல் திறந்திருத்தல் வேறு, உள்ளிருக்குஞ் செய்தி திறந்திருத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குவோர் இன்றும் உளர். பட்டியலில் எழுதப்பட்ட மனிதனின் செய்தியைக் காப்பதற்கென இந்நாட்டிற் சட்டம் வந்தது 2022ஆம் ஆண்டிலேதான். அவ்வாண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அது.

திருக்கோணமலைக்கே உரிய இடர் ஒன்றும் இருந்தது. மாவட்டத்தின் ஒரு பகுதி அரசாங்கத்தின் ஆட்சியிலும், மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று முதலிய பகுதிகள் விடுதலைப் புலிகளின் ஆட்சியிலும் இருந்தன. ஒரே கரை, ஒரே அலை. பட்டியலோ இரு அதிகாரத்தின்கீழ். நிவாரணத்தைக் கூட்டாக வழங்குதற்கென 2005ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இரு தரப்பும் உடன்படிக்கை செய்தன. ஜூலை 15ஆம் நாள் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இத்தகைய சூழலிற் கொழும்பிலுள்ள ஒரு தரவுத்தளம் எத்துணைச் செம்மையாக அமைந்திருப்பினும், களத்திற் கிராம உத்தியோகத்தரின் கொப்பியே நிவாரணத்துக்கு ஆதாரமாக நின்றது வியப்பன்று. அவர் ஆளை முகத்தால் அறிவார். கணபதிப்பிள்ளையை எந்த எழுத்தால் எழுதினும் அவருக்கு அவர் ஒருவரே. கருவியை ஆக்கியோர் செய்த பணி போற்றற்குரியதே. ஆயின் அந்தக் கொப்பியை எழுதும் கையிடத்தே கருவி சென்று சேராதவரை, கொழும்பிலுள்ள பட்டியல் களத்துப் பட்டியலின் நிழலாகவே இருக்கும்.

தேசிய செயற்பாட்டு நிலையம் சில வாரங்களிற் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் வேறு செயலணிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. நிலையம் போயினும் நிரல் போகவில்லை. சுவீடன் நாட்டு உதவி முகவரகத்தின் துணையோடு சஹன மீண்டும் புதிதாக எழுதப்பட்டது. 2005 ஒக்டோபரிற் பாக்கிஸ்தானில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்பின் அந்நாட்டு ஆட்பதிவு அதிகார சபையும், 2006ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் யோக்யகர்த்தா நிலநடுக்கத்தின்போதும் அவ்வந்நாட்டினரும் அதனைக் கையாண்டனர். 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் அவ்விருதைப் பெற்றது விக்கிப்பீடியா. 2010ஆம் ஆண்டின் ஹெயிற்றி நிலநடுக்கத்திலும் அதன் புதிய வடிவம் பயன்பட்டது. இலங்கையர் எழுதிய நிரல் ஒன்று இவ்வாறு பல நாடுகளின் துயரத்திலுந் துணைநின்றமை இந்நாட்டுக் கணினி வரலாற்றில் நிகரற்ற செய்தியாகும்.

இம்மாவட்டத்து மக்களுக்கோ பட்டியல் அத்துடன் முடியவில்லை. காணாமற்போனோரை இறந்தோராகப் பதிந்து சான்றிதழ் பெறுதற்கு 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் வழி செய்தது. ‘காணாமற்போனவர்’ என்ற நிரலிலிருந்து ‘இறந்தவர்’ என்ற நிரலுக்கு ஒரு பெயரை மாற்றக் கையொப்பமிட வேண்டிய குடும்பத்தார்க்கு அது வெறும் எழுத்து மாற்றமாயிருந்திராது. 2006 ஓகஸ்டில் மூதூரிற் போர் மூள, மக்கள் கந்தளாயை நோக்கி ஓடினர். ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைப் பக்கஞ் சென்றனர். கடற்கோளால் இடம்பெயர்ந்தோர் என எழுதப்பட்டோர், போரால் இடம்பெயர்ந்தோர் என மீண்டும் எழுதப்பட்டனர். சம்பூர் மக்கள் தம் ஊருக்கு மீளத் தொடங்கியது 2015ஆம் ஆண்டிலேயாம். பத்தாண்டு கழித்துக் காணியைக் காட்டி உரிமை கேட்டோரிடம் மீண்டும் எழுத்தே கேட்கப்பட்டது.

அவ்வெழுத்தைத் தமிழிலேயே தரவுத்தளத்தில் வைத்தல் இயலுமா என்ற வினாவுக்கும் விடை காணல் வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் யூனிக்கோட் எழுத்துமுறை 4.1ஆம் பதிப்பில் வந்தது. அப்பதிப்பு முழுமைபெற்று வெளியானது 2004 ஒக்டோபரில், கடற்கோளுக்கு இரண்டு மாதம் முன்னர். அதில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டு வரையே இடமுண்டு. தமிழ் நெடுங்கணக்குக்கு மூன்று பைட்டுப் போதுமாதலின் ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் குறைவின்றிப் பதியலாம். ஆனாற் பழைய நிலக்கணக்குக்கு அது போதாது. வேலியை இருபது கூறிட்டது மா. எண்பது கூறிட்டது காணி. முந்நூற்றிருபது கூறிட்டது முந்திரி. பின்னத்தின் பெயராகிய காணி இந்நாட்டு வழக்கில் நிலத்துக்கே பெயராகிவிட்டது. இப்பின்னங்களின் குறியீடுகள் 2019ஆம் ஆண்டில் வெளியான யூனிக்கோட் 12ஆம் பதிப்பிலேயே முழுமையாக இடம்பெற்றன. அவை ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்டு வேண்டும். பழைய மூன்று பைட்டு நிரலில் முந்திரிக் குறியை எழுதப் புகுந்தால், தரவுத்தளம் பதிவை மறுக்கும். கண்டிப்புக் குறைந்த அமைப்பாயின் அக்குறியிலிருந்து எஞ்சியதை வெட்டிவிட்டு, வெட்டியதைப் பிழையென மறுக்காமலே பதிந்துவிடும். 2018ஆம் ஆண்டில் வந்த 8.0 பதிப்பில் நான்கு பைட்டு முறையே இயல்பாயிற்று. அதற்கு முன் அமைத்த அட்டவணைகளை அதன் நிருவாகி ஒரு கட்டளையால் மாற்றிக்கொள்ளல் வேண்டும். மாற்றுமுன் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தலும் வேண்டும்.